ஒன்பது பேர் உட்கார்ந்த உயரம்

அளப்பதுதான் என் பிழைப்பு. இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் நிலத்தை அளந்து கல் நட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு சாண் வரப்புக்காக அண்ணனும் தம்பியும் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில், நடுவில் புகுந்து சங்கிலியை இழுத்து, "இது உங்களுது, இது அவங்களுது, போய் வேலையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டு வீட்டிலும் டீ குடித்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் எங்கள் வீட்டு ஜீப்பின் உயரத்தைத் தப்பாக அளந்தேன். வெளியில் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை நினைத்தாலே சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது, என்ன செய்ய?

எல்லாம் அத்தையின் முட்டியில் ஆரம்பித்தது. அத்தை என்றால் என் மாமியார். அறுபத்தாறு வயது, ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். சின்ன வயதில் மாவட்ட அளவில் உயரம் தாண்டுவதில் முதல் பரிசு வாங்கியவர். தாண்டித் தாண்டி இடது முட்டி தேய்ந்துபோய், போன கோடையில் ஆபரேஷன் செய்து புது முட்டி வைத்தார்கள். டாக்டர், "சமதரையில நல்லா நடங்கம்மா, சேத்துல மட்டும் கால வைக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினார். டெல்டாக்காரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? எங்கள் ஊரில் சேறு இல்லாத இடம் என்று பார்த்தால் கோயில் பிராகாரமும் கல்யாண மண்டபமும்தான்.

திருப்பனந்தாளுக்கு வடக்கே, ஒரு பாசன வாய்க்காலின் கரையில் எங்களுக்கு ஐந்து ஏக்கர் நிலம். ஊர்க் கணக்கில் பதினைந்து மா. மாமனார் போன பிறகு பதினெட்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்டது அத்தைதான். நாங்கள் இருப்பது தஞ்சாவூரில். சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப்போய், வரப்பில் ஒரு சுற்று வந்து, நான்கு பேரைத் திட்டிவிட்டுத் திரும்பினால்தான் அவருக்கு அந்த வாரம் முடியும். ஆபரேஷனுக்குப் பிறகு எல்லாம் நின்றுபோனது. குறுவை அறுத்தது அவர் பார்க்கவில்லை. சம்பா நட்டது பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய், போனில் போட்டோ எடுத்துவந்து காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு போனைத் திருப்பிக் கொடுப்பார்.

"போட்டோல எல்லாப் பயிரும் பச்சையாத்தான் இருக்கும்" என்பார். என்னை நம்பவில்லை என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

ஊர் வரைக்கும் தார் ரோடு இருக்கிறது, காரிலேயே போகலாம். அங்கிருந்து வயலுக்கு வாய்க்கால் கரையோடு அரை கிலோமீட்டர். அந்த அரை கிலோமீட்டர்தான் தொல்லை. அறுவடை மெஷினும் டிராக்டரும் போய்ப் போய் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்து, நடுவில் மண் மேடாக நிற்கிறது. மழைக்காலத்தில் அந்தத் தடங்கள் இரண்டும் இரண்டு குட்டி வாய்க்கால்கள். ஆவணி மாதம் ஒருநாள் அத்தையை டிராக்டரில் ஏற்றிவிடலாம் என்று ஊர்க்காரர்கள் ஆசையாகக் கிளம்பினார்கள். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுக்க, ஒருவர் பின்னாலிருந்து தாங்க, சாமி புறப்பாடு மாதிரி அவரை மேலே தூக்கி வைத்தார்கள். தெருவே நின்று பார்த்தது. அவரிடம் படித்த ஒரு அம்மாள், "பாத்து, பாத்து, டீச்சர் விழுந்துடப் போறாங்க" என்று கத்தினார். அவ்வளவுதான். வண்டி பத்தடி போவதற்குள் நிறுத்தச் சொல்லி இறக்கிவிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "இனிமே என்னை யாரும் தூக்கக் கூடாது. நானா ஏறினா வர்றேன். இல்லன்னா அந்த வயல நான் பாக்கவே வேணாம்."

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. அதற்குப் பிறகு அவர் வயலைப் பற்றிப் பேசுவது குறைந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவர் திட்டாத சனிக்கிழமைகள் எங்கள் வீட்டில் நன்றாகவே இல்லை.

என் கணவருக்கு ஒரு பழைய திறந்த ஜீப் உண்டு. வங்கியில் வேலை பார்க்கிறார். வார நாளெல்லாம் குரலே எழுப்பாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பைக் கழுவும்போது மட்டும் அதனுடன் பேசிக்கொண்டிருப்பார். காடு மேடெல்லாம் பெரிய டயர் போட்ட வண்டிகள் ஏறி இறங்கும் வீடியோக்களைச் சாப்பிடும்போதுகூடப் பார்ப்பார். ஒருநாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டு, கொஞ்சம் உயரம் ஏத்திட்டா அம்மா வயலுக்கே போயிடலாம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன், அதில்கூட இல்லை.

எவ்வளவு உயரம் ஏற்றுவது என்பதில்தான் சண்டை. அவருக்கு நான்கு அங்குலம் வேண்டும். எனக்கு உயரமே ஏற்ற வேண்டாம், அத்தை எப்படி ஏறுவார் என்பதுதான் கவலை. வண்டி உயர உயரப் பாதையில் சுலபமாகப் போகும், அத்தைக்கு ஏறுவது கஷ்டமாகும். வண்டியைத் தாழ்வாக வைத்தால் அத்தை ஏறிவிடுவார், ஆனால் வண்டி நடுமேட்டில் தட்டி நிற்கும். இரண்டு நாள் இதையே பேசிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அத்தை சாம்பார்க் கரண்டியை டக்கென்று வைத்தார்.

"என் முட்டியப் பாத்துத்தான் ஜீப்புக்கு உயரம் வைப்பீங்களா? வண்டிக்கு என்ன வேணுமோ அத வைங்க. தாண்ட வேண்டியது நான். அத நான் பாத்துக்கறேன்."

ஆக, தஞ்சாவூர் பைபாஸ் ஓரம் ஜீப் வேலைக்குப் பேர் போன ஒரு மெக்கானிக்கிடம் போனோம். நாற்பது வயது இருக்கும். அவசரமே இல்லாத மனிதர். என் கணவர் போனில் இருந்த படங்களையெல்லாம் காட்டி நான்கு அங்குலம் என்றார். மெக்கானிக் படங்களை ரசித்துப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"அதாவதுக்கா, இப்ப இருக்கற டயர் இருபத்தெட்டு இன்ச் உயரம். சார் கேக்கறது முப்பத்தொண்ணு. மூணு இன்ச் பெரிய டயர் போட்டா அச்சு ஒன்றரை இன்ச்தான் மேல ஏறும். நடுமேட்டுல தட்டாம போறதுக்கு அது போதும். ஸ்பிரிங்கை ஏத்தறது எதுக்குன்னா, டயர் பெருசாயிடுச்சுல்ல, திரும்பறப்பவும் குழியில எறங்கறப்பவும் அது மட்கார்டக் கடிக்கக் கூடாது. அதுக்கு ரெண்டு இன்ச் தாராளம். நாலு வச்சா பாக்க நல்லாருக்கும். ஆனா கீழ ஓடற ஷாஃப்ட் சாய்ஞ்சு முறுக்கும், பிரேக் ஓஸ் எட்டாம இழுக்கும், வாய்க்கால் கரையில ஒரு பக்கம் சாய்ஞ்சா வண்டி நேரா வாய்க்காலுக்குள்ளதான்."

என் கணவர் முகம் வாடியது. எனக்குச் சந்தோஷம். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, "அப்ப ரெண்டே வச்சுடுங்க" என்றேன். அப்போதுதான் மெக்கானிக் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"எவ்வளவு ஏத்தணும்னு முடிவு பண்றது பெரிசில்லக்கா. வண்டியில யார் யார் ஏறுவீங்க? எல்லாரும் உக்காந்தா பட்டை எவ்வளவு அமுங்குதுன்னு பாத்துத்தான் எத்தன பட்டை போடணும்னு சொல்ல முடியும். ஏறப்போறவங்கள எல்லாம் ஒருநாள் கூட்டிட்டு வாங்க."

பட்டை என்றால் ஜீப்புக்கு அடியில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் இரும்பு ஸ்பிரிங். அடுக்கு கூடினால் வண்டி உயரும், விறைக்கும். மெக்கானிக் சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. கேட்ட நாங்கள்தான் டெல்டாக்காரர்கள். வேறு ஊராக இருந்தால், வயலுக்குப் போகப் போவது அத்தை, நான், என் கணவர் என்று மூன்று பேரும் போய் உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்கு "கூட்டிட்டு வாங்க" என்று காதில் விழுந்தால் அது விசேஷம்.

"சின்னவனும் அவன் பொண்டாட்டியும் வயலுக்கு வருவாங்கல்ல, அவங்களச் சொல்லணும்" என்றார் அத்தை. சின்னவன் என்பது என் கொழுந்தன். கொழுந்தனைச் சொன்னால் நாத்தனாரைச் சொல்லாமல் இருக்க முடியுமா? நாத்தனாரைச் சொல்லி அவர் வீட்டுக்காரரை விட்டால் அடுத்த பொங்கலுக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அவர்களைச் சொன்ன பிறகு கும்பகோணத்துச் சித்தப்பாவுக்கு எப்படியும் தெரிந்துவிடும், "எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே" என்பார். சித்தப்பா வந்தால் சித்தி வருவார். அத்தை ஒவ்வொருவருக்கும் தானே போன் செய்து, நேரம் சொல்லி, "காலையில டிபன் இங்கதான்" என்று அழைத்தார். எண்ணிப் பார்த்தால் எங்கள் மூவரோடு சேர்த்து ஒன்பது பேர்.

சித்தி பட்டுப்புடவையில் வந்தார். ஒர்க்‌ஷாப்புக்குப் பட்டுப்புடவை எதற்கு என்று நான் கேட்கவில்லை, பூ வைத்துக்கொள்ள எனக்கும் ஒரு முழம் கொண்டுவந்திருந்தார். பொங்கலும் வடையும் நெஞ்சு வரை இருக்க, ஒன்பது பேரும் கிரீஸ் வாடையில் போய் இறங்கினோம். மெக்கானிக் கையில் இருந்த ஸ்பானரோடு அப்படியே நின்றார்.

"எல்லாருமேவாக்கா?"

"எல்லாரும்தான்" என்றார் அத்தை, வகுப்பு வருகைப் பதிவைப் படிக்கிற குரலில்.

முன்னால் இரண்டு பேர், பின்னால் எதிரெதிராக ஏழு பேர், அதில் சித்தி பாதி என் மடியில். நாத்தனாரின் கணவர் நல்ல உடம்பு. அவர் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கம் பெருமூச்சு விட்டது. மாட்டியிருந்த புது டயர் மட்கார்டில் உரசியது. மெக்கானிக் எல்லோரையும் இறக்கி, ஒரு பட்டை கூட்டி, மறுபடி ஏற்றினார். மறுபடி உரசியது. இன்னொரு பட்டை. ஒரு சக்கரத்தைக் கட்டை மேல் ஏற்றி, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, "அசையாம உக்காருங்க" என்றார். சித்தப்பா தும்மினார். எல்லோரும் சிரித்ததில் வண்டி ஆடி, மறுபடி முதலிலிருந்து. நான்காவது முறை டயர் எதையும் தொடவில்லை. ஒன்பது பேர் உட்கார்ந்தும் வண்டி பழைய உயரத்துக்கு மேலே கச்சிதமாக இரண்டு அங்குலம் நின்றது. எல்லோரும் கைதட்டினோம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பையிலிருந்து டேப்பை எடுத்து, மற்றவர்களை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டு, முன்சீட்டில் கால் வைக்கும் இடம் தரையிலிருந்து எவ்வளவு என்று அளந்தேன். சரியாக இருபது அங்குலம். கையில் எழுதிக்கொண்டேன். அத்தையிடம் சொன்னேன். அவர் அதை ஒரு தடவை மனதுக்குள் தாண்டிப் பார்ப்பது தெரிந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் போர்டிகோவில் பயிற்சி. தூணை ஒட்டிச் செங்கல் அடுக்கி மேலே ஒரு பலகை. பிடித்துக்கொள்ளத் தூணில் ஒரு கம்பி. முட்டிக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி பெண் வந்து பார்த்துவிட்டு, ஏறும்போது வலது காலை முதலில் வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். மீதியை அத்தையே பார்த்துக்கொண்டார். பத்து அங்குலத்தில் தொடங்கினார். மூன்று முறை சுத்தமாக ஏறினால்தான் அடுத்த செங்கல். தப்பினால் பழைய உயரத்துக்கே திரும்பவும். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுத் தேதி எழுதினார். பால்காரர், பேப்பர் போடுபவர், எதிர்வீட்டு ஆடிட்டர் எல்லோருக்கும் அன்றைய உயரம் தெரியும். "டீச்சர், பதினாறு தாண்டியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆடிட்டர் ஆபீஸ் போவார். ஐப்பசி மழை ஒழுகிக்கொண்டிருந்த ஒரு காலையில் இருபது அங்குலம். வலது கால், கம்பி, ஒரு உந்து, மேலே நின்றார். நான் கையிலிருந்த தோசைக்கரண்டியை ஆட்டிக்கொண்டு கத்தினேன். அத்தை, "அடுப்பு எரியுது பாரு" என்றார், ஆனால் காது வரை சிரிப்பு.

ஜீப் தயாரென்று போன் வந்தது. என் கணவர் தனியாகப் போய் ஓட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையிலேயே நான் பார்த்துவிட்டேன். வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கவில்லை, துள்ளிக் குதித்தது. உள்ளே அவர் ரப்பர் பந்து மாதிரி எகிறிக்கொண்டிருந்தார். முகத்தில் மட்டும் மறைக்க முடியாத ஆனந்தம்.

அத்தை பருத்திப் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எதிர்வீட்டு ஆடிட்டர் கேட்டருகே நின்றார். அத்தை ஜீப்பின் முன்கம்பியைப் பிடித்தார், வலது காலைத் தூக்கினார். கால் விளிம்பில் இடித்தது. இன்னொரு முறை தூக்கினார். விளிம்பு வரை போனது, மேலே ஏறவில்லை. மூன்றாவது முறையும் அதே. கம்பியை விட்டார். யாரையும் பார்க்காமல், "அவ்வளவுதான் போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆடிட்டரும் சத்தமில்லாமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். எனக்கு அழுகையாக வந்தது.

பிறகுதான் டேப்பை எடுத்தேன். இருபத்து மூன்று அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு; எட்டு நூல் சேர்ந்தால் ஒரு அங்குலம். திரும்ப அளந்தேன். அதே. ஒர்க்‌ஷாப்பில் நான் அளந்தது ஒன்பது பேர் எடையில் அமுங்கிய வண்டியை. காலி வண்டி அதைவிட ஏறக்குறைய மூன்று அங்குலம் உயரமாகத்தானே நிற்கும்? மூன்று பேர் போகப்போகிற வண்டிக்கு ஒன்பது பேர் கணக்கில் பட்டை வைத்தோம். என் கணவர் ஆசைப்பட்ட நான்கு அங்குலத்தைவிடக்கூட இப்போது வண்டி அதிகம் நின்றது. அவர் ஓட்டிக்கொண்டு வரும்போதே தெரிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லையே, மனுஷன்!

மெக்கானிக்குக் கூப்பிட்டேன். இரண்டு பட்டையைக் கழற்றலாம், ஆனால் வேலை குவிந்து கிடக்கிறது, தையில் பார்க்கலாம் என்றார். தையில் பயிர் அறுவடைக்கே வந்துவிடும். ஃபுட்ஸ்டெப் ஒன்று வைத்துக் கொடுங்கள் என்றேன். "அது கீழ தொங்கும்க்கா, முதல் மேட்டுலயே பேத்துக்கிட்டுப் போயிடும்" என்றார்.

அத்தையிடம் போய் உள்ளதைச் சொன்னேன். நீங்கள் தோற்கவில்லை, நான்தான் தப்பாக அளந்தேன் என்று. கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சர்வேயரு!" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம் வைக்க முடியுமோ அத்தனையும் வைத்தார். பிறகு எழுந்து போனை எடுத்தார். "ஒன்பது பேரு உக்காந்தா இருபதுக்கு எறங்குதுல்ல? அப்ப அதே கூட்டத்த மறுபடி கூப்பிடு. உக்காரட்டும். நான் ஏறறேன்."

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. அத்தையையும் என்னையும் கொழுந்தன் காரில் கூட்டிவந்தார். என் கணவர் ஜீப்பில் குதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊரில் தார் ரோடு முடிகிற இடத்தில், டீக்கடை எதிரில், ஜீப்பைச் சுற்றி உறவெல்லாம் கூடிவிட்டது. சித்தி மறுபடியும் பட்டுப்புடவை. எல்லோரும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் முட்டி போட்டு டேப்பைப் பிடித்தேன்.

"இருபதும் அஞ்சு நூலும்! இன்னும் அஞ்சு நூல் எறங்கணும்!"

எண்ணினால் நாத்தனாரின் கணவரைக் காணோம். தரங்கம்பாடியில் ஒரு நிச்சயதார்த்தமாம், போன இடத்தில் மாட்டிக்கொண்டார். உள்ளதிலேயே கனமான ஆள். அத்தை டீக்கடையைப் பார்த்தார். கடைக்காரர் பாய்லருக்குப் பின்னால் பனியனோடு நின்றிருந்தார். அவருக்கும் நல்ல உடம்பு.

"தம்பி, கொஞ்சம் வந்து உக்காரேன்."

"எத்தன நூல் வேணும் டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே அவர் கல்லாவைப் பூட்டாமல்கூட வந்தார். ஏறி உட்கார்ந்தார். வண்டி இறங்கியது. நான் டேப்பைப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

"இருபது!"

பஸ்ஸுக்கு நின்றவர்களெல்லாம் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். அத்தை கம்பியைப் பிடித்தார். வலது கால் மேலே போய் உட்கார்ந்தது. ஒரு உந்து. யார் கையும் படாமல் சீட்டில் இருந்தார். பஸ் ஸ்டாப்பே விசில் அடித்தது. சித்தப்பா எழுந்து நின்று கைதட்டியதில் வண்டி ஆடியது. "உக்காருங்க!" என்று மற்ற எல்லோரும் கத்தினோம்.

அந்த அரை கிலோமீட்டரை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். தடங்களில் தண்ணீர் நிரம்பி இருந்தது. பெரிய டயர்கள் அதைக் கிழித்துக்கொண்டு போயின. இரண்டு பக்கமும் சேற்றுத் தண்ணீர் பறந்து சித்தியின் பட்டுப்புடவையில் விழ, சித்தி திட்டுவதற்குப் பதிலாக, "இன்னும் வேகமாப் போப்பா!" என்று கூவினார். பின்னாலிருந்து டீக்கடைக்காரர், "மேடு வருது, மேடு வருது" என்று வழி சொன்னார். நடுமேடு அச்சுக்குக் கீழே எங்கேயோ வழுக்கிப் போனது, ஒரு இடத்திலும் தட்டவில்லை. ஒன்பது பேர் ஏறிய வண்டியில் டயரும் எதையும் உரசவில்லை. என் கணவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். அத்தை முன்கம்பியைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு வந்தார்.

வயல் வந்தது. வரப்பை ஒட்டி வண்டி நின்றதும் எல்லோருக்கும் உற்சாகம் தாங்கவில்லை. கொழுந்தன் குதித்தார், அவர் மனைவி குதித்தார், டீக்கடைக்காரர் குதித்தார், சித்தப்பாகூட இறங்கிப் போட்டோ எடுக்க ஓடினார். ஒவ்வொருவர் குதிக்கக் குதிக்க வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. அத்தையும் கூடவே எழும்பினார். கடைசியில் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தால், அத்தை மட்டும் வானத்துக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஏறுவதைப் பற்றி இரண்டு மாதம் பேசினோம், அளந்தோம், சுவரில் கோடு போட்டோம். இறங்குவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. புது முட்டிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம் என்று அந்த பிசியோ பெண் ஒருமுறை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "எல்லாரும் வந்து ஏறுங்க" என்று கூப்பிட வாயெடுத்தேன்.

அத்தை எங்களைப் பார்க்கவே இல்லை. நெற்றியில் கை வைத்துக்கொண்டு வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றால் இடுப்பு உயரப் பயிர் தொலைவை மறைக்கும், முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பதினைந்து மாவும் ஒரே பார்வையில் தெரிந்தது.

"ஏம்மா, அங்க மேக்கால என்ன, மஞ்சளாக் கெடக்கு?"

எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? நான் எடுத்த போட்டோக்களெல்லாம் கிழக்கு முனையில், செருப்பில் சேறு படாத ஒரே இடத்தில் நின்று எடுத்தவை. அங்கே பயிர் எப்போதும் பச்சைதான்.

"தண்ணி தேங்கி நிக்குது. வடி மடைய யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. வேரு அழுகுது, தெரியலையா? எத்தன வாரமா வந்துக்கிட்டு இருக்க நீ?"

பேசிக்கொண்டே எழுந்துவிட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்தார். இடது காலை, அந்தப் புது முட்டிக் காலை, கீழே விட்டார். அது காற்றில் தேடியது. நான் ஓடிப்போய் இரண்டு கையையும் நீட்டினேன். தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கால் இன்னும் இறங்கியது, இன்னும், விரல் நுனி வரப்பைத் தொட்டது, பாதம் முழுக்கப் பதிந்தது. அடுத்த கால். அத்தை தன் வரப்பில் நின்றார். எட்டு மாதம் கழித்து.

அவருக்கு அது தெரியவே இல்லை. வரப்போடு நாலு எட்டு வைத்து, புடவையைத் தூக்கிச் சொருகி, மேற்கே கை நீட்டி, மழை மாதிரி கொட்டித் தீர்த்தார். கவனமில்லாத மருமகள், சொரணையில்லாத மகன், பக்கத்து வயல்காரன், மடையை அடைத்தவன், வரிசையாக எல்லோரும் வாங்கினோம். டீக்கடைக்காரர் வாங்கிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை, அவரும் வாங்கினார். நான் சேற்றில் நின்றுகொண்டு சிரித்தேன். நிறுத்த முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமும் திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

"என்ன சிரிப்பு?" என்றார்.

"அத்தை, நீங்களாவே எறங்கிட்டீங்க."

அத்தை தன் காலைக் குனிந்து பார்த்தார். சேறு கணுக்கால் வரை இருந்தது. இடது காலை ஒருமுறை அழுத்தி ஊன்றிப் பார்த்தார். பிறகு என்னை முறைத்தார்.

"பின்ன? பயிரு அழுகிக்கிட்டு நிக்குது, மேல உக்காந்து வேடிக்க பாக்கச் சொல்றியா? போ, மம்பட்டிய எடுத்துக்கிட்டு வா."